படபடப்பு அடங்குவதற்குள் ஒரு ஈசிஜி

பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் அம்மா ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். வயது 38. "ஏனுங் டாக்டர், திடீர்னு நெஞ்சுக்குள்ள தறி ஓடுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள நின்னு போயிருதுங்க." பைக்குள் மூன்று வருட ஈசிஜி. பாதி மங்கிப்போய்விட்டது, மீதி எல்லாம் நார்மல். மனசுதான் காரணம் என்று சொல்லி எழுதிய தூக்க மாத்திரைச் சீட்டும் கிடந்தது.

படபடப்பு அடங்கியபின் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். அடிக்கும்போதே பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே எடுக்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டே வாரத்தில் சிக்கியது: நிமிடத்துக்கு 190 துடிப்பு, எஸ்விடி.

இதயத்துக்குள் மின்சாரம் போக ஒரு வழி கூடுதலாக இருந்தால், அது செக்குமாடு மாதிரி அதிலேயே சுற்றும். அதுதான் எஸ்விடி. இன்னதென்று உறுதியானவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது ஒரு 10 மில்லி சிரிஞ்சு வித்தை. சாய்ந்து உட்கார்ந்து, பிஸ்டன் லேசாக நகரும்படி 15 விநாடி ஊத வேண்டும். உடனே படுத்துக்கொள்ள, காலை இன்னொருவர் 15 விநாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். சிலருக்கு இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் அடினோசின் ஊசி. போட்டதும் சில விநாடி உயிரே போவது போலிருக்கும். முன்கூட்டியே சொல்லாமல் போட்டால் நோயாளி நம்மை மன்னிக்கமாட்டார். திரும்பத் திரும்ப வந்தால் அப்ளேஷன்: தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியே மெல்லிய வயரை விட்டு, அந்த வழியைச் சுட்டுவிடுவோம். நெஞ்சைத் திறப்பதில்லை. பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகிறது.

வயதானவர்களிடம் அதிகம் பார்ப்பது வேறு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பது. துடிப்பைக் கட்டுப்படுத்த மாத்திரை, ஷாக், அப்ளேஷன் எல்லாம் உண்டு. ஆனால் இதில் பெரிய பயம் பக்கவாதம்தான். மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடும். அதனால் ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸாபான், வார்ஃபரின் போன்ற மாத்திரை கொடுக்கிறோம். "படபடப்பு இல்லீங்களே" என்று நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் வம்பு. ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது. கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்தான், அதற்காக அதைச் சாப்பிடுகிறவர்கள் கீரையை விடவேண்டாம். ஒரு வாரம் ஒரேயடியாக, அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் ஊத உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், ஈசிஜி தாள் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துப்போகும். அந்த அம்மாவின் 190-ஐ நான் பார்த்தது அவர் மகனுடைய செல்போனில்தான்.