எல்லோரும் ‘அட்மின்’ என்றால் திருத்தியது யார்?

வாடிக்கையாளர் கையில் 48,000 ரூபாய்க்கு ரசீது. கம்ப்யூட்டரில் அதே எண்ணுள்ள வவுச்சரில் 18,000. ஜவுளி விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஆடிட் போயிருந்தபோது இந்தத் தகராறு என் மேசைக்கு வந்தது. முதலாளியின் சந்தேகமெல்லாம், சேர்ந்து நான்கு மாதமே ஆன அக்கவுண்டன்ட் பெண்மேல்.

எடிட் லாகை, அதாவது பதிவுகளில் செய்யும் மாற்றங்களைச் சாஃப்ட்வேர் தானே குறித்துவைக்கும் பட்டியலைத் திறந்தோம். முதலில் 48,000 என்று ஏறியிருக்கிறது. ஒன்பது நாள் கழித்து, இரவு 8.52-க்கு, 18,000 ஆகியிருக்கிறது. மாற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அட்மின்’. அந்த ஆபீஸில் அட்மின் பாஸ்வேர்டு ஐந்து பேருக்குத் தெரியும். மானிட்டர் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தார்கள். அந்தப் பெண் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். “வீட்டிலிருந்தே உள்ளே வரலாமே சார்” என்றார் ஒருவர். வரலாம்தான். அவர் செய்தார் என்பதற்கும் ஆதாரமில்லை, செய்யவில்லை என்பதற்கும் ஆதாரமில்லை. அடுத்த மாதம் அவராகவே வேலையை விட்டுப் போய்விட்டார்.

கம்பெனி கணக்குகளுக்கான 2014 விதிகளில் விதி 3(1)-இல் 2021 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. இரண்டு முறை தள்ளிப்போய், 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாஃப்ட்வேரில் கணக்கு எழுதும் எந்தக் கம்பெனியும், ஒவ்வொரு பதிவின் தடத்தையும், அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறித்துவைக்கிற, அணைக்க முடியாத வசதி உள்ள சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். அது ஆண்டு முழுவதும் ஓடியதா, யாராவது கைவைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். கணக்கோடு சேர்த்து லாகையும் எட்டு ஆண்டு காப்பாற்ற வேண்டும். டாலிபிரைம் என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இரண்டு வகை உண்டு: சாதாரணப் பதிப்பில் லாகை அணைத்து வைக்கலாம், எடிட் லாக் பதிப்பில் முடியாது. கம்பெனிகளுக்கு இரண்டாவதுதான் சரி. பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கும் தனியாள் வியாபாரத்துக்கும் இந்த விதி கட்டாயமில்லை. ஆனாலும் அவர்களிடமும் போடச் சொல்கிறேன்.

கவனித்தீர்களா, விதி தேதியைத்தான் கேட்கிறது. ‘யார்’ என்று அதில் வெளிப்படையாக ஒரு வார்த்தை இல்லை. சாஃப்ட்வேர் யூசர் பெயரையும் எழுதிக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் ஐந்து பேரும் ஒரே பெயரில் நுழைந்தால் அது என்ன செய்யும், பாவம்! அதனால் புதிய ஆபீஸுக்குப் போனால் என் முதல் கேள்வி இதுதான்: கணக்கில் எத்தனை பேர் கைவைக்கிறார்கள், எத்தனை யூசர் இருக்கிறது? இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. வேலையை விட்டுப் போனவரின் யூசரை அன்றைக்கே மூடிவிட வேண்டும். அட்மின் முதலாளியிடமோ பொறுப்பான ஒருவரிடமோ மட்டும் இருக்கட்டும். அவரும் தினசரி என்ட்ரியை அதில் போடக் கூடாது.

“தப்பைத் திருத்தினாலே மாட்டிக்குவோமா சார்?” என்று அக்கவுண்டன்ட்கள் பயப்படுகிறார்கள். இல்லை. லெட்ஜர், அதாவது கணக்குத் தலைப்பு, மாறிப்போய்த் திருத்துவது எல்லா ஆபீஸிலும் தினமும் நடப்பது. லாகில் நான் தேடுவது வேறு. பேங்க் கணக்கோடு ஒத்துப்பார்த்து முடித்தபின் மாறிய தொகை. அழிக்கப்பட்ட ரொக்க வவுச்சர். ரசீது அச்சான பிறகு குறைந்த வரவு. மார்ச் 31 என்று தேதி போட்டு, பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்தான பிறகு செப்டம்பரில் திருத்திய பதிவு. வவுச்சர் தேதியை யாரும் பின்னுக்குப் போட்டுவிடலாம். லாகில் விழுவது கை வைத்த நாள். மாதம் ஒருமுறை முதலாளியே அரைமணி நேரம் உட்கார்ந்து, ரொக்க வவுச்சர்களில் மாறியதையும் அழிந்ததையும் மட்டும் பார்த்தால் போதும். என்னைப்போல வருஷக் கடைசியில் வருகிறவனுக்கு அதெல்லாம் ஆறிப்போன கஞ்சி.

அந்த ஜவுளிக் கம்பெனியில் மானிட்டர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். ஐந்து பேருக்கும் தனித்தனி யூசர் போட்டாயிற்று. வாடிக்கையாளர் மறுபடி பணம் தரவில்லை, தரவும் வேண்டியதில்லை. 30,000 ரூபாயை முதலாளி நஷ்டத்தில் எழுதச் சொன்னார். அடுத்த வருஷ ஆடிட்டில் அந்த என்ட்ரியின் லாகைத் திறந்து பார்த்தேன். போட்டவர்: ‘அட்மின்’.