அந்தோராவுக்குக் கிளம்பும் முன் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டிக்கரை ஒருமுறை படியுங்கள்

போன வாரமும் ஒரு போன். பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கும் பையன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் காரில் உட்காரவைத்துச் சும்மா ஒருநாள் சுற்றிவிட்டு வரலாம் என்று அந்தோராவுக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது பிரெஞ்சு எல்லையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். "மேடம், என் கார்டைப் பார்த்துட்டு உடனே குடுத்துட்டாங்க. அம்மா அப்பா பாஸ்போர்ட்டை மட்டும் உள்ளே எடுத்துட்டுப் போயிட்டாங்க. என்ன தப்புன்னே புரியலை."

எனக்குப் புரிந்துவிட்டது. பெற்றோர் இருவர் கையிலும் இருந்தது ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா. அதாவது, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனுக்குள் ஒரே ஒருமுறை நுழைய மட்டும் அனுமதி. பணியில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர், வயதானவர்கள் என்று பார்த்து எச்சரித்து விட்டுவிட்டார். நிம்மதிதான். ஆனால் இந்தக் கதை இனி சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் "ஒண்ணும் ஆகலையே, விட்டுட்டாங்களே" என்று சுற்றும். அதை நம்பி இன்னும் நாலு குடும்பம் கிளம்பும். விசா வேலையில் என் பாதி நேரம் இப்படிப்பட்ட நம்பிக்கைகளோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது.

சரி, நிதானமாகச் சொல்கிறேன். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலைக்குள் இருக்கும் 468 சதுர கிலோமீட்டர் நாடு அந்தோரா. அது ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஷெங்கனிலும் இல்லை. "யூரோதானே மேடம் செலவழிக்கிறோம்?" ஆமாம், தனி ஒப்பந்தம் போட்டு யூரோவை வைத்திருக்கிறார்கள். "பிரான்ஸ் அதிபர்தானே அங்கே இளவரசர்?" ஆமாம், ஸ்பெயினில் இருக்கும் உர்ஹெல் ஊரின் கத்தோலிக்க ஆயரும் அவரும் கூட்டு இளவரசர்கள். 1278-இல் தொடங்கிய ஏற்பாடு அது. அதனால் அந்தோரா பிரான்ஸ் ஆகிவிடாது. "வாடிகனுக்குப் போனப்போ யாரும் எதுவும் கேட்கலையே?" வாடிகன், சான் மரினோ, மொனாக்கோவுக்கெல்லாம் எல்லை திறந்து கிடக்கிறது. லிக்டன்ஸ்டைன் 2011 முதல் ஷெங்கனுக்குள்ளேயே இருக்கிறது. லக்சம்பர்க்கைப் பற்றிப் பேச்சே வேண்டாம், ஷெங்கன் என்ற ஊரே அங்கேதான். சின்ன நாடெல்லாம் ஒரே கணக்கு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் மாட்டுவது அந்தோராவில்தான்.

"அந்தோராவுக்கு விசாவே வேண்டாம்னு போட்டிருக்காங்களே" என்று மேற்கோள் காட்டுகிறவர்கள்மீதுதான் எனக்கு அதிகக் கோபம். போட்டிருப்பது சரிதான். அந்தோரா உங்களிடம் விசா கேட்காது, உள்ளே போகும்போது பெரும்பாலும் யாரும் தடுக்கவும் மாட்டார்கள். சிக்கல் வெளியே வரும்போது. உள்ளே காலை வைத்ததுமே நீங்கள் ஷெங்கனைவிட்டு வெளியேறிவிட்டீர்கள். உங்கள் ஒற்றை நுழைவு, பாரிஸிலோ மிலானிலோ விமானம் இறங்கிய அன்றே செலவாகிவிட்டது. திரும்பிப் போக இரண்டாவது நுழைவு வேண்டும், அது உங்களிடம் இல்லை. விசா செல்லும் நாள் இன்னும் இருபது இருந்தாலும் இல்லை. பெட்டி பாரிஸ் ஹோட்டலில் இருந்தாலும் இல்லை. அந்தோராவில் விமான நிலையம் கிடையாது, ரயிலும் கிடையாது. தரைவழி இரண்டே பக்கம்தான் திறக்கும், இரண்டும் ஷெங்கன். இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு உதவி வேண்டுமென்றால் பொறுப்பான தூதரகம் மாட்ரிட்டில் இருக்கிறது. மாட்ரிட் போகவும் அதே எல்லையைத்தான் தாண்ட வேண்டும்!

பாஸ்போர்ட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். செல்லும் தேதிகளுக்குக் கீழே, விசா வகை 'சி' என்று இருக்கும் வரியிலேயே நுழைவுகளின் எண்ணிக்கை இருக்கும். கொடுத்த நாட்டைப் பொறுத்துத் தலைப்பின் மொழி மாறும், கட்டம் மாறாது. 01 என்றால் அந்தோராவை மறந்துவிடுங்கள். 02 என்றால் ஏற்கெனவே ஒருமுறை லண்டன் போய்வந்து அதைச் செலவழித்துவிட்டீர்களா என்று யோசியுங்கள். எம், யூ, எல், டி என்று நாலு எழுத்து இருந்தால் தாராளமாகப் போங்கள். பக்கத்தில் இருக்கும் நாட்கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஷெங்கனுக்குள் மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது, வேறு விஷயம். அந்தோராவில் கழித்த நாளை அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வேண்டாம். வெளியே போனதற்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாமல் எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள். பயணத் திட்டத்தில் அந்தோராவை மறைக்காமல் எழுதுங்கள், அங்கே ஒரு ராத்திரி ஹோட்டல் பதிவையும் இணையுங்கள். "அதைப் போட்டா சந்தேகப்படுவாங்களோ" என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் சொல்லாமல் கேட்டால்தான் சந்தேகப்படுவார்கள். அப்படியும் ஒற்றை நுழைவே கிடைத்தால், பிரான்ஸ் பக்கத்துப் பிரனீஸிலேயே மலை, பனி, வெந்நீர் ஊற்று எல்லாம் இருக்கிறது. ஆக்ஸ்-லே-தெர்ம் போய்விட்டு வாருங்கள்.

பிரான்ஸில் குடியிருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. வதிவிட அட்டை இருந்தால் சிக்கல் இல்லை, ஆனால் அசல் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள், போனில் இருக்கும் போட்டோ செல்லாது. முதல்முறை அட்டைக்கு விண்ணப்பித்துக் கையில் ரெசிபிஸே என்ற விண்ணப்ப ரசீது மட்டும் வைத்திருப்பவர்களும், அகதி வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களும் தயவுசெய்து அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். மலிவு விலை சென்ட் பாட்டிலுக்காக வழக்கையே பணயம் வைக்க வேண்டுமா?

அடுத்தது போன். ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் அந்தோராவில் செல்லாது. எல்லைக்கு முன்பே டேட்டா ரோமிங்கை அணையுங்கள், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். சுற்றுலாத் தலங்களில் வைஃபை தாராளம். காப்பீட்டுப் பத்திரத்திலும் 'ஷெங்கன் நாடுகள்' என்று மட்டும் இருந்தால் அந்தோராவில் கால் உடைந்தால் அது உதவாது. பனிச்சறுக்குக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ரயில் பற்றி: துலூஸிலிருந்து வரும் பாதையில் 'அந்தோர்–லோஸ்பிதாலே' என்று ஒரு நிலையம் உண்டு. பெயரில்தான் அந்தோரா இருக்கிறது, நிலையம் பிரான்ஸ் மண்ணில். அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும், அதுவும் எந்நேரமும் கிடைக்காது. துலூஸிலிருந்தோ பார்சிலோனாவிலிருந்தோ நேராகப் பஸ் ஏறுங்கள், சுமார் மூன்று மணி நேரம். குளிர்காலத்தில் பெரியவர்களோடு போவதென்றால் பார்சிலோனா வழிதான் என் தேர்வு. பிரெஞ்சுப் பக்கமிருந்து நுழையும் எல்லை ஊரான பாஸ் டெ லா காசா கிட்டத்தட்ட ஊட்டி உயரம், அதற்கு மேல் என்வலீரா கணவாய் 2,408 மீட்டர். பனி கொட்டினால் சாலையை மூடிவிடுவார்கள். கணவாயைத் தவிர்க்கச் சுங்கம் கட்டிப் போகும் சுரங்கப்பாதை உண்டு, ஆனால் அதன் வாய்வரை போய்ச் சேர வேண்டுமே. வாடகைக் கார் எடுத்தால் பனிக்கால டயரோ டயரில் மாட்டும் சங்கிலியோ இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள். காரை அந்தோராவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

கடைசியாக, ஷாப்பிங். அங்கே விற்பனை வரி 4.5 சதவீதம், பிரான்ஸில் 20. அதனால் திரும்பும் வண்டிகளைச் சுங்கத்துறை சும்மா விடாது. பெரியவர் ஒருவருக்கு 300 சிகரெட், வீரியமான மது என்றால் ஒன்றரை லிட்டர், மற்ற பொருட்கள் 900 யூரோ வரை. 1,200 யூரோ லேப்டாப்பை "நாங்க ரெண்டு பேர்" என்று பங்கு போட முடியாது, ஒரே பொருள் ஒருவர் கணக்கில்தான் வரும். பில்லைக் கையில் வைத்திருங்கள். வரம்பு தாண்டியிருந்தால் நீங்களே சொல்லி வரி கட்டிவிடலாம். மறைத்துப் பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் வரும்.