தொழிலுக்குப் போனவருக்கு ஓட்டு இல்லையா?

பாம்பனில் ஒரு வீடு. "அவுக மங்களூருக்குத் தொழிலுக்குப் போயிருக்காக, வந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருவாக" என்று அந்த அக்கா வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்தார். அவர் வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிட்டது. வரைவு வாக்காளர் பட்டியலில் கணவர் பெயர் இல்லை.

2025 நவம்பர் 4-இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், படிவத்தைத் திருப்பித் தராதவர் பெயர் வரைவுக்கு வரவில்லை. வீட்டில் வயதுவந்த இன்னொருவர் கையெழுத்துப் போட்டிருந்தாலே போதும். அக்காவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. வாக்காளர் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அட்டையால் ஓட்டுப் போட முடியாது.

சட்டம் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர் பக்கம்தான் நிற்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் பாருங்கள்: தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவர் சொந்த ஊரில் குடியிருப்பதை இழந்துவிடுவதில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கிடப்பவரும் தங்கச்சிமடத்துக்காரர்தான். சிறை அவருக்கு ஊராகிவிடாது. இந்தத் திருத்தம் நடக்காத மற்ற நாட்களில் யாரோ பெயர் நீக்கக் கோரும் படிவம் 7 கொடுத்து "இவர் ஊரில் இல்லை" என்று சொன்னாலும், அவர் தரப்பைக் கேட்காமல் பெயரை எடுக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு.

உள்நாட்டுச் சிறை என்றால் கொஞ்சம் சிக்கல். உள்ளே இருக்கும்வரை, விசாரணைக் கைதியானாலும், ஓட்டுப் போட முடியாது. தடுப்புக்காவல் மட்டும் விலக்கு. ஆனால் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும். 2013-இல் வந்த சட்டத் திருத்தம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

விட்டுப்போன பெயரைச் சேர்க்கப் படிவம் 6. படிவம் 8 கொடுத்து அலையாதீர்கள், அது பட்டியலில் இருப்பவர்களின் திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கொடுக்கலாம், இணையத்திலும் முடியும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகர வேண்டாம். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் ஏறாது. நிராகரித்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள்: 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அங்கும் கைவிரித்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.

வளைகுடாவில் இருக்கும் கீழக்கரைக்காரர்களுக்குப் படிவம் 6ஏ. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயர் ஏறும். ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு.

அந்த அக்கா இப்போது படிவம் 6-ஐ நிரப்பி வைத்திருக்கிறார். கையெழுத்து மட்டும் பாக்கி. இந்த முறை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைக்கவில்லை. மங்களூருக்குத் தபாலில் அனுப்புகிறார். சந்தேகம் இருப்பவர்கள் 1950 என்ற எண்ணில் கூப்பிடலாம்.