பேய்ப் படம் போடும் முன் டிவி செட்டிங்ஸைப் பாருங்கள்

"படம் ரொம்ப ஸ்லோ சார், பயமே வரலை." பழைய பேய்ப் படம் ஒன்றைப் பார்க்கச் சொன்னால் பாதிப் பேர் திரும்பி வந்து சொல்வது இதைத்தான். சவுண்ட் மிக்ஸிங் என் பிழைப்பு. அதனால் நான் கேட்பது, "டிவியில் ஆட்டோ வால்யூம் போட்டிருந்தீர்களா?"

திடீரென்று டமாரென்று ஒரு சத்தம் வந்தால் யாரும் துள்ளத்தான் செய்வார்கள். அது உடம்பின் அனிச்சைச் செயல், அதற்குக் கதையே வேண்டாம். சில நொடிகள் எல்லா ஒலி டிராக்கையும் இறக்கி வைத்துவிட்டு ஒரே தூக்காகத் தூக்கினால் போதும். (இதற்கும் சம்பளம் வாங்குகிறோம் என்பது வேறு விஷயம்.) எளிய பேய்க் கதைக்கு இந்த வித்தை உதவாது. ஒரு வீடு, நாலைந்து பேர், எங்கேயோ ஏதோ சரியில்லை, அவ்வளவுதான் அதன் முதலீடு. பார்ப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' குறுநாவலில், கோபுரத்தின் மேல் முன்பின் தெரியாத ஓர் ஆள் தென்படும் நொடியில், அதுவரை கரைந்துகொண்டிருந்த காகங்கள் ஓய்ந்துவிடுகின்றன. பேசும் படமே வராத காலத்தில் ஒரு மனிதர் சவுண்ட் டிசைன் எழுதியிருக்கிறார்! அதே கதையை 1961இல் ஜாக் கிளேட்டன் 'தி இன்னசென்ட்ஸ்' என்று படமாக்கினார். அதில் எனக்கு இன்றும் உதறலெடுக்கும் காட்சி பட்டப்பகலில் நடக்கிறது. ஏரியின் அக்கரையில், நாணல்களுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண். பாய்ந்து வருவதில்லை, கத்துவதில்லை. சும்மா நிற்கிறாள்.

இரண்டு வருடம் கழித்து வந்த ராபர்ட் வைஸின் 'தி ஹான்டிங்' படத்தில் அந்த உருவமும் கிடையாது. நடுராத்திரி, ஓர் அறையில் இரண்டு பெண்கள், வெளியே சுவரை இடித்துக்கொண்டே ஏதோ நெருங்கி வருகிறது. கதவு கடைசிவரை திறப்பதில்லை.

சரி, இதையெல்லாம் நம் வீட்டு டிவி என்ன செய்கிறது? ஆட்டோ வால்யூமும் நைட் மோடும் மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்திவிடும். நாங்கள் அமைதி என்று வைப்பது சுத்த சூனியம் அல்ல. அந்த அறைக்கே உரிய லேசான இரைச்சல், ரூம் டோன் என்போம். அது வசனத்தின் அளவுக்கு ஏறிவிட்டால் தூரத்துக் காலடிக்கு மதிப்பு போய்விடும். திரையில் தெரியும் காட்சிக்கும் இதே கதிதான். 'தி இன்னசென்ட்ஸ்' ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ், அகலத்திரையின் ஓரங்கள் இருண்டு கிடக்க வேண்டுமென்று லென்ஸுக்கு முன் வைக்கும் ஃபில்டர்களின் விளிம்பில் வண்ணம் பூசிப் படமெடுத்தார். நாம் நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டும் விவிட் மோடில் போட்டு அந்த ஓரங்களை வெளுக்க வைக்கிறோம். அசைவை வழவழப்பாக்க டிவியே இடையிடையே ஃப்ரேம்களைச் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங் வேறு ஓடினால் பேய் பங்களா சீரியல் செட் மாதிரி ஆகிவிடும்.

பிக்சர் மோடை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்று மாற்றுங்கள். மோஷன் ஸ்மூத்திங், ஆட்டோ வால்யூம், நைட் மோடு மூன்றையும் அணையுங்கள். விளக்கையும்தான். அப்புறம் சீலிங் ஃபேன். நாங்கள் வைக்கும் மெல்லிய காற்றையும் முனகலையும் அது விழுங்கிவிடும், ஆனால் மே மாதத்தில் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.