குடை ‘கொட’ ஆன கதை

திருநெல்வேலியில் ஒரு மழை நாள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் பென்சிலால் ஒரு சீட்டு எழுதிக்கொண்டுவந்து நீட்டினாள்: ‘அம்மா கொட வேனும்’. கடைசி இரண்டு சொல்லில் மூன்று பிழை என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கென்னவோ பிள்ளையின் காதைப் பாராட்டத்தான் தோன்றியது.

குடை என்று எழுதுகிறோமே தவிர, பேச்சில் அப்படியா சொல்கிறோம்? அடுத்த எழுத்தில் அ, ஐ வந்தால் முன்னால் நிற்கும் உ நம் வாயில் ஒ ஆகிவிடும். இ எ ஆகிவிடும். உடம்பு ஒடம்பாகும், உரல் ஒரலாகும், இலை எலையாகும். சொல்லின் கடைசியில் வரும் ஐ முழுதாக ஒலிப்பதில்லை. இலக்கணக்காரர்கள் அதற்கு ஐகாரக் குறுக்கம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை இவ்வளவையும் காதால் பிடித்து, தனக்குத் தெரிந்த எழுத்துகளில் இறக்கியிருக்கிறாள்.

எழுத்துக்கூட்டலின் முதல் கட்டம் இதுதான்: சொல்லை ஒலிகளாக உடைப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தைத் தேடுவது. பள்ளியில் சேரும் முன்பே தாமாக எழுதத் தொடங்கிய ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் பிழைகளை 1971இல் மொழியியலாளர் சார்ல்ஸ் ரீட் ஆராய்ந்தார். ‘டிரக்’ என்ற சொல்லைச் சிலர் ‘ச்ரக்’ என்பதுபோல எழுதியிருந்தார்கள். அங்கே ட்டுக்குப் பின் ர் வந்தால் நாக்கு உண்மையிலேயே ச் பக்கம் நகர்கிறது. எழுத்தைப் பார்த்தே பழகிய பெரியவர்களுக்கு அது காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் காதை மட்டும் நம்பினால் ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பக்கம் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். மரத்தின் ரவும் மறத்தின் றவும் பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். மூன்று சுழியா, இரண்டு சுழியா என்பதும் ‘வேனும்’ எழுதியவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இங்கே கண்தான் உதவ வேண்டும். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது அதன் ஒலி, பொருள், உருவம் மூன்றும் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் எழுத்துக்கூட்டத் தேவையில்லை. பார்த்ததுமே ‘இது சரியில்லையே’ என்று உறுத்தும்.

கைக்கும் ஒரு பங்கு உண்டு. ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது க், பிறகுதான் ஒ. எழுதும்போதோ கொம்பு முந்திக்கொள்கிறது, நடுவில் க, கடைசியில் கால். அந்தச் சீட்டிலும் கொம்பு மெலிந்து, இடுக்கில் செருகினாற்போல் நின்றது. முதலில் க போட்டுவிட்டு, திரும்பிப் போய்க் கொம்பை நெருக்கி எழுதியிருக்கிறாள். (போனில் தட்டும்போது கவைத்தான் முதலில் தட்டுகிறோம், அந்த விஷயத்தில் போன் குழந்தையின் கட்சி.) 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதால் ‘லை’, ‘னை’ போன்றவற்றின் பழைய யானைத்தும்பிக்கை வடிவங்கள் போயின. கு, சு, து என்று ஆளுக்கொரு விதமாக வளையும் உகரங்கள் அப்படியே இருக்கின்றன.

எழுத்தின் வடிவத்துக்கே மூளை திணறிக்கொண்டிருந்தால் சொல்லை யோசிக்க இடம் இருக்காது. வாயால் சரியாகச் சொல்லும் பிள்ளை நோட்டில் தப்பாக எழுதுவது பல நேரம் இதனால்தான். அதற்காகக் கையை விட்டுவிட்டு விசைப்பலகைக்குப் போகவும் முடியாது. படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து இந்தியானா பல்கலைக்கழகத்தின் காரின் ஜேம்ஸ் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோதுதான் மூளையில் வாசிப்புக்கான பகுதிகள் உயிர்பெற்றன. தட்டச்சு செய்ததற்கு அந்த விளைவு இல்லை. கையால் எழுதும்போது ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் கோணலாக வருகிறது. எத்தனை கோணலாக இருந்தாலும் க கதான் என்பதை மூளை அதிலிருந்தே கற்கிறது போலும்.

அக்கா அன்றே ‘குடை’யைப் பத்துத் தடவை எழுதவைத்துவிட்டாள். பிள்ளையும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள்: வாயில் கொ வந்தால் நோட்டில் கு. அடுத்த மாதம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘கோயில் கொடை’க்கு, போய்வந்ததை அழகாக ஒரு பக்கம் எழுதியிருந்தாள். தலைப்பு, ‘கோயில் குடை’.