அபராதம், ஃபைன், தண்டம்

தூரத்தில் போக்குவரத்துக் காவலரின் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் சில ஓட்டுநர்களின் கை தானாக வலது தோளுக்குப் பின்னால் போகும். சீட் பெல்ட்டை இழுத்து மார்பின் குறுக்கே பிடித்துக்கொள்வார்கள், கொக்கியில் மாட்டக்கூட மாட்டார்கள். காவலரைத் தாண்டியதும் பட்டை சர்ரென்று சுருண்டுகொள்ளும். “மாட்டிக்கலாமேண்ணே” என்றால், “ஃபைன் போடாம இருந்தா சரி” என்று பதில் வரும்.

இந்த ஃபைனுக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது? ஃபைன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘ஃபினிஸ்’. முடிவு என்று பொருள். பணத்தைக் கட்டி வழக்கை முடித்துக்கொள்ளும் வழக்கத்திலிருந்து வந்தது இது. பணம் கைமாறினால் விவகாரம் தீர்ந்தது.

நாம் எழுத்தில் பயன்படுத்தும் அபராதம் வேறு வழியாக வந்தது. வடமொழியில் அதன் வினைக்குக் குறி தவறுதல் என்று ஒரு பொருள் உண்டு. அதிலிருந்து பிழை, குற்றம். தமிழுக்கு வந்தபோதும் குற்றம் என்றுதான் பொருள். “அடியேனின் அபராதம் பொறுத்தருள வேண்டும்” என்று வேண்டும் பக்தர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகு குற்றத்துக்காகக் கட்டும் பணத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் குற்றம் உதிர்ந்துவிட்டது, பணம் மட்டும் மிஞ்சியது. இன்று ‘அபராதம் செய்தான்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அபராதம் கட்டினான்’ என்றுதான் சொல்கிறோம்.

குற்றம் உதிர்ந்து பணம் மட்டும் மிஞ்சினால் நடத்தை எப்படி மாறும்? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் 10 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற உறுத்தல் போய், கூடுதல் நேரத்துக்கு விலை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிட்டது. அப்புறம் அந்தத் தொகையை ரத்து செய்தும் பழைய உறுத்தல் திரும்பவில்லை.

சரி, சீட் பெல்ட்டுக்கு வருவோம். இந்தியாவில் 2019 செப்டம்பர் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் அணியாததற்கு 1000 ரூபாய் என்கிறது. அதற்கு முன் 100 ரூபாய்தான். பத்து மடங்கு உயர்வு என்றால் பெரிதாகத் தெரிகிறது. ஓட்டுநரின் கணக்கு வேறு. ஆயிரம் பயணத்தில் ஒரு முறை பிடிபடுவோம் என்று அவர் நினைத்தால், பழைய தொகை ஒரு பயணத்துக்கு 10 பைசா, புதியது 1 ரூபாய். ஐம்பது பயணத்தில் ஒரு முறை பிடிபடுவோம் என்றிருந்தால், பழைய 100 ரூபாயே பயணத்துக்கு 2 ரூபாய் ஆகியிருக்கும். தொகையைப் பத்து மடங்கு உயர்த்தியதைவிட, சோதனையை இருபது மடங்கு கூட்டியிருந்தால் அதிகம் உறைத்திருக்கும்.

இந்தக் கணக்கைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் நடத்த வேண்டிய ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குத் தாமதமாகிவிட்டது. கட்டண நிறுத்துமிடத்துக்குப் போவதா, தெருவில் விதியை மீறி நிறுத்துவதா என்று யோசித்து, பிடிபடும் வாய்ப்பையும் தொகையையும் மனதில் பெருக்கிப் பார்த்துத் தெருவிலேயே நிறுத்தினார். தேர்வறைக்கு நடக்கும்போதே ஒரு கோட்பாடு உருவாகிவிட்டது. 1968இல் கட்டுரையாக வந்தது. காவலரை நிறுத்தச் செலவாகும், தொகையை உயர்த்த ஒரு திருத்தம் போதும் என்பதால் அரசுகள் இரண்டாவதையே நாடுவது ஏன் என்பதும் அதிலிருந்து புரியும்.

ஆனால் சாலையில் வேலை செய்வது பிடிபடும் நிச்சயம்தான். அமெரிக்காவில் முதல் மாநிலமாக நியூயார்க் 1984இல் பெல்ட் சட்டம் இயற்றியது. சில மாநிலங்களில் பெல்ட் அணியாததற்காகவே வண்டியை நிறுத்தலாம். சிலவற்றில் வேறு தவறுக்காக நிறுத்தினால்தான் இதைக் கேட்க முடியும். முதல் வகை மாநிலங்களில்தான் அணிவோர் எண்ணிக்கை நன்றாக ஏறியது.

நம் ஊரில், பெல்ட் அணியாவிட்டால் காரில் ஒலிக்கும் அலாரத்தை ஏமாற்ற, கொக்கியில் செருகும் சின்ன இரும்புக் கிளிப்பே விற்பனைக்கு வந்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு ஐந்து இணைய விற்பனைத் தளங்களில் அதை நீக்கச் சொன்னது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். தன் உயிர், தன் விருப்பம் என்று வாதிடுபவர் பின்னிருக்கையில் இருந்தால், மோதலில் அவர் உடல் முன்னிருப்பவர் மீதுதான் போய் விழும். அந்தச் செலவு கிளிப்பின் விலையில் சேரவே இல்லை.

இனி தமிழ்ச் சொல். சோழர் கல்வெட்டுகளில் மன்றுபாடு என்றொரு சொல் உண்டு: மன்றம் விதித்து வாங்கும் தொகை. அழகான சொல், ஆனால் சாலையோரக் காவலருக்குப் பொருந்தாது. குறளின் ‘ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து’ என்பதிலிருந்து தண்டித்தல் என்ற பொருளில் ஒறுப்பு கிடைக்கிறது. அதே குறளில் வரும் ‘தலைச்செல்லா வண்ணத்தால்’, அதாவது குற்றம் மீண்டும் நிகழாதபடி, என்பதே ஒறுப்பின் நோக்கம். அன்றாட வழக்கில் அது இறங்குமா என்பது சந்தேகம்.

மிஞ்சுவது தண்டம். கோல் என்ற பொருளுடைய இந்தச் சொல்லும் வடமொழித் தொடர்புடையதுதான். ஆனால் நம் வாயில் ஊறியது. “ஆயிரம் ரூபா தண்டம் அழுதேன்” என்று சொல்லாத வீடு உண்டா? இலங்கைத் தமிழர் தண்டப்பணம் என்றே எழுதுகிறார்கள். சீட் பெல்ட்டை ஆசனப்பட்டி என்கிறார்கள். நான் தண்டம் விதித்தல், தண்டத்தொகை கட்டுதல் என்று எழுதுகிறேன். அபராதம் என்று எழுதினாலும் தவறில்லை. ‘அபராதக் கட்டணம்’ மட்டும் வேண்டாம். கட்டணம் என்பது பேருந்துக்கும் நூலகத்துக்கும் கொடுப்பது, கொடுத்தால் உரிமை கிடைக்கும். பெல்ட் இல்லாமல் ஓட்டும் உரிமையை 1000 ரூபாய்க்கு யாரும் விற்கவில்லை.