பொடுகு ஷாம்பு: நுரை வந்ததும் அலசிவிடாதீர்கள்

பொடுகு ஷாம்பு கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தலையில போட்ட அப்புறம் எவ்வளவு நேரம் விடுறீங்க?" என்றுதான். கேள்வியே புரியாததுபோல் பார்ப்பார்கள். "நுரை வந்தா அலசிட வேண்டியதுதானே, வேற இன்னாண்ணா?" என்பார்கள். காட்பாடிப் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக நிற்கிறேன். "எந்த ஷாம்பு போட்டாலும் பொடுகு போவல" என்று வருபவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் ஷாம்புவில் இல்லை. மருந்து வேலை செய்யும் முன்பே அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். படர்தாமரைக்குக் களிம்பு தடவிவிட்டு மறுநொடியே துணியால் துடைத்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

டாக்டர்கள் அதிகம் எழுதித் தருவது கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. 1970-களில் பெல்ஜியத்தின் ஜான்சென் ஆய்வகத்தில் கண்டுபிடித்த பூஞ்சைக்கொல்லி இது. பூஞ்சை தன் செல்லைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. கீட்டோகோனசோல் அதைத் தயாரிக்க விடாமல் தடுக்கிறது. சவ்வு பலவீனமாகி, பூஞ்சை வளர்வது நிற்கிறது. அழுக்கைக் கழுவுகிற வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தலைமுடி பளபளப்பதற்கு இந்த மருந்து எதுவும் செய்யாது. அது போய்ச் சேர வேண்டிய இடம் முடியல்ல, தலைத்தோல்.

பூஞ்சை என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள், ஏதோ சுத்தமில்லாத வீடு என்று சொல்லிவிட்டதுபோல. மலசீசியா என்ற இந்தப் பூஞ்சை உங்கள் தலையிலும் இருக்கிறது, என் தலையிலும் இருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் அதற்குச் சாப்பாடு. அதைச் சிதைத்து ஒலீயிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைக்கும். சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அரிப்பு வரும், தோல் செல்கள் அவசர அவசரமாக உதிரும், அதுதான் சட்டைத் தோளில் விழுகிற வெள்ளைச் செதில். ஒரே வீட்டில் ஒரே சீப்பைப் பயன்படுத்துகிற அண்ணனுக்குப் பொடுகு இருக்கும், தம்பிக்கு இருக்காது. இது ஒட்டுவாரொட்டி இல்லை. ஹெல்மெட்டில் இருந்து தொற்றிக்கொண்டது என்று புது ஹெல்மெட் வாங்கியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன், பாவம்.

சரி, எப்படிப் போடுவது? வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம். இரண்டு குளியலுக்கு நடுவே மூன்று நாளாவது இடைவெளி வேண்டும். இதை டைம்டேபிள் போட்டுச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. "வழக்கமா பொம்பளைங்க செவ்வாய், வெள்ளி தலைக்குக் குளிப்பாங்க, ஆம்பளைங்க புதன், சனி, அதையே வெச்சுக்குங்க" என்று சொன்னால் போதும். கணக்குச் சரியாக வந்துவிடும், பாட்டியம்மாவும் ஒத்துழைப்பார்.

தலையில் எண்ணெய் இருந்தால் முதலில் சாதாரண ஷாம்பு போட்டு ஒருமுறை அலசிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே மருந்து ஷாம்புவை ஊற்றினால் அது தோலைத் தொடுவதே சந்தேகம். பிறகு ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன் அளவு கையில் எடுத்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் தேய்க்க வேண்டும். நகத்தால் பிறாண்டக் கூடாது. பின்னல் நீளத்துக்கும் மருந்து தேவையில்லை. காதுக்குப் பின்னால், புருவம், மூக்கின் இரு ஓரம், தாடி வைத்திருப்பவர்களுக்குத் தாடிக்கு அடியில், இங்கெல்லாம் சிவந்து செதில் உதிர்ந்தால் அதே நுரையைக் கொஞ்சம் அங்கேயும் தடவலாம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நேரம்: மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். வாளியை வெறித்துப் பார்த்தால் ஐந்து நிமிடம் ஒரு யுகம். வெளியே செல்போனில் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிடுங்கள், பாட்டு முடிந்ததும் அலசுங்கள்.

நம் ஊர்த் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். பாலாற்றில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வம், பல வீடுகளில் குளிக்கக் கிடைப்பது போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் நுரை சரியாக எழும்பாது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என ஊற்றி, ஒரு மாதத்துக்கு வர வேண்டிய பாட்டிலை ஒரே வாரத்தில் காலி செய்துவிடுகிறார்கள். நுரைக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. நுரை குறைவாக இருந்தாலும் தோலில் பட்டிருந்தால் வேலை நடக்கும்.

கெமிக்கல் போக வேண்டும் என்று இதன்மேல் சீயக்காய் தேய்க்கிற பழக்கமும் இருக்கிறது. வேண்டாம். சீயக்காய் பிடிக்கும் என்றால் மற்ற நாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். அதேபோல் தலை காய்ந்ததும் எண்ணெய். "பொடுகு வறட்சியால வருது, எண்ணெய் வெச்சா சரியாயிடும்" என்பது இங்கே வேதவாக்கு. எண்ணெய் வைத்தால் செதில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பொடுகு அதிகமாக இருக்கும் நாட்களில் எண்ணெயைத் தலைத்தோலில் இரவு முழுக்க ஊறவிடாதீர்கள் என்றே சொல்வேன். செதில் தடிப்பாக ஒட்டியிருந்தால், குளிப்பதற்குச் சற்று முன் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கிக்கொள்ளலாம். பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

நான்கு வாரத்தில் தலை சுத்தமாகும். அப்புறம் பாட்டிலைப் பரணில் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து "அந்த ஷாம்பு கேக்கல, வேற குடுங்க" என்று வருவார்கள். மருந்து கேட்டது. பூஞ்சை நம் தலையிலேயே குடியிருப்பது, அடியோடு ஒழிவதில்லை. அதனால் பொடுகு போன பிறகும் வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர வேண்டும். சர்க்கரை மாத்திரைக்கு இருக்கிற பொறுமை ஷாம்புவுக்கு ஏனோ நமக்கு வருவதில்லை.

வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பொடுகு என்று பெரிதாகப் போட்டிருப்பதெல்லாம் கீட்டோகோனசோல் ஆகாது. சிலவற்றில் ஜிங்க் பைரிதியோன், சிலவற்றில் செலினியம் சல்பைடு, சிலவற்றில் சாலிசிலிக் அமிலம் இருக்கும். எதுவும் மோசமில்லை, சாதாரணப் பொடுகுக்கு ஜிங்க் பைரிதியோனே போதுமானதாக இருக்கும். ஆனால் என்ன போட்டோம் என்று தெரியாமல் மாதம் ஒரு பாட்டில் மாற்றினால், எது கேட்டது, எது கேட்கவில்லை என்று டாக்டருக்கும் சொல்ல முடியாது.

முடி கொட்டுமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தலையில் அரித்துச் சொறிவதாலேயே முடி உதிர்வதுண்டு, பொடுகு அடங்கினால் அதுவும் குறையும். சிலருக்கு எரிச்சல், வறட்சி, முடி சொரசொரப்பாவது போன்றவை வரலாம். நரைத்த முடியிலும் டை அடித்த முடியிலும் சில சமயம் நிறம் மாறும், டை அடிக்கிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இன்டர்நெட்டில் தேடிவிட்டு வந்து, "இது லிவரைக் கெடுக்குமாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. அது கீட்டோகோனசோல் மாத்திரை பற்றியது. கல்லீரல் பாதிப்பு காரணமாக 2013-இல் அமெரிக்கா அந்த மாத்திரைக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் விற்பனையையே நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. தலைக்குப் போட்டு அலசும் ஷாம்பு ரத்தத்தில் கலப்பது அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. ஷாம்புவுக்குப் பயப்பட வேண்டாம், பொடுகுக்காக அந்த மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் வாங்கி விழுங்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஸ்டீராய்டு லோஷன் விஷயத்தில். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைக் காட்டி அதே லோஷனைக் கேட்பார்கள். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், அதனால் அதுதான் நல்ல மருந்து என்று மாதக்கணக்கில் தடவுவார்கள். தோல் மெலிந்து, நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக அரிக்கும். டாக்டர் எழுதினால், எழுதிய நாள் வரைக்கும் மட்டும். நீண்ட நாள் தடவியவர்கள் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வியர்வையோடு சேர்ந்து முதுகிலும் மார்பிலும் கழுத்திலும் தேமல் படரும் காலம் அது. தேமலுக்கும் காரணம் இதே மலசீசியாதான், அதனால் இதே ஷாம்புவை டாக்டர்கள் உடம்புக்கும் எழுதுவார்கள். தினம் ஒருமுறை பூசி, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், அதிகபட்சம் ஐந்து நாள். பூஞ்சை போய்விட்டாலும் வெளுத்த தோல் பழைய நிறத்துக்கு வர மாதங்கள் ஆகும். நிறம் வரவில்லையே என்று ஷாம்புவைத் தொடர்ந்து தேய்ப்பதில் பயனில்லை.

எல்லாச் செதிலும் பொடுகு அல்ல. வெள்ளி நிறத்தில் தடித்த பட்டையாக நெற்றி ஓரம் தாண்டி வந்தால், முழங்கையிலும் முழங்காலிலும் அதேபோல் இருந்தால், சொரியாசிஸாக இருக்கலாம். பள்ளிப் பெண் பிள்ளைகளின் முடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வராதது ஈர். பொடுகு என்றால் ஊதினாலே பறக்கும்.

நான் ஷாம்பு தராமல் திருப்பி அனுப்புவது ஒரே ஒரு நிலையில். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்து, அந்த இடத்தில் செதிலும் ஒடிந்த முடியும் இருந்தால், அது தலையில் வரும் படர்தாமரை. அந்தப் பூஞ்சை வேறு, முடியின் வேருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஷாம்பு அங்கே எட்டாது. வாரக்கணக்கில் மாத்திரையோ மருந்தோ உள்ளுக்குச் சாப்பிட வேண்டும். இது ஒட்டுவாரொட்டியும்கூட, சீப்பு, தொப்பி, தலையணை எல்லாம் தனியாக இருக்க வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். போகிற அன்று பிள்ளைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், எந்தக் களிம்பும் தடவாதீர்கள். செதிலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டி வரும். வீட்டில் இதுவரை என்னென்ன போட்டீர்களோ, அந்தப் பாட்டிலையும் டியூபையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.